முதல் ஆளைத் தேடுகிறவர்கள்

2025 மே 8ஆம் தேதி இரவு, பதினான்காம் லியோ வத்திக்கான் மாடத்தில் வந்து நின்ற அரைமணி நேரத்துக்குள் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு ஃபார்வர்டுகள் வந்து விழுந்தன. முதலாவது ஒரு நீளமான பட்டியல். பேதுருவில் தொடங்கி லியோவில் முடியும் 267 பெயர்கள். கீழே, 'இரண்டாயிரம் ஆண்டுகள், ஒரு கண்ணிகூட அறுபடாத சங்கிலி' என்று ஒரு வரி. இரண்டாவது அதற்குப் பதில். போப் என்பதே கான்ஸ்டன்டைன் என்ற ராஜா நைசீயா மாநாட்டில் உட்கார்ந்து உண்டாக்கிய பதவி, அதற்கு முன்னால் அப்படி ஒன்றுமே கிடையாது என்றது அது. அனுப்பிய இருவருமே நல்ல பையன்கள். இருவருமே இதைப் பற்றி ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதாக ஒரு செய்தி வந்தது. என் விடுதி அறைத்தோழன் அனுப்பியது. கல்வராயன் மலைக்காரன், மலையாளிப் பழங்குடி. வருஷத்துக்கு இரண்டு முறைதான் குழுவில் வாய் திறப்பான்.

"மச்சி, எங்க தாத்தா சொன்ன கதைக்கும் இதே மாதிரி ஒரு லிஸ்ட் போட்டுத் தர முடியுமா? பாப்பாவுக்கு சர்டிபிகேட் வாங்கணும்."

யாரும் பதில் போடவில்லை. ஒருவன் சிரிக்கிற எமோஜி போட்டான். இந்தக் கட்டுரை அவனுக்கான என் பதில். முதல் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

*

சங்கிலிக்காரரிடமிருந்து தொடங்குவோம். பேதுரு ரோமுக்கு வந்தார், அங்கே கொல்லப்பட்டார் என்பதைப் பெரும்பாலான வரலாற்றாய்வாளர்கள் ஏற்கிறார்கள். எனக்கும் அதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு ஊரில் இறப்பது வேறு, அந்த ஊருக்கு முதல் ஆயராக இருப்பது வேறு.

பவுல் ரோமையருக்குக் கடிதம் எழுதியது ஏறத்தாழ கி.பி. 57இல். அதுவரை அவர் ரோமைப் பார்த்ததே இல்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு சபை இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி நலம் விசாரிக்கிறார். பிரிஸ்கா, அக்கிலா, யூனியா, அம்ப்லியாத்து என்று போகிறது. பேதுருவின் பெயர் அதில் இல்லை. பிரிஸ்காவும் அக்கிலாவும் கூடாரம் செய்கிற தொழிலாளிகள். கிளாடியஸ் பேரரசன் யூதர்களை ரோமிலிருந்து விரட்டியபோது மூட்டை கட்டிக்கொண்டு கொரிந்துக்குப் போனவர்கள். அம்ப்லியாத்து போன்ற பெயர்கள் அக்காலத்து அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் சகஜமாக வைக்கப்பட்டவை. ஜெர்மானிய ஆய்வாளர் பீட்டர் லாம்பே இந்தப் பெயர்களை ரோமின் கல்வெட்டுகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் பெரிய ஆய்வே செய்திருக்கிறார். ரோமின் சபையைத் தொடங்கியது பிழைக்க வந்தவர்களும் கைத்தொழிலாளிகளும் அடிமைகளும். பெயர் தெரியாதவர்கள். அவர்கள் எவரும் அந்த 267இல் இல்லை.

அடுத்த நூறாண்டைப் பாருங்கள். 96ஆம் ஆண்டு வாக்கில் ரோமிலிருந்து கொரிந்துச் சபைக்கு ஒரு கடிதம் போகிறது. இதைத்தான் 'முதல் கிளமெந்து' என்கிறோம். கடிதத்துக்குள் கிளமெந்து என்ற பெயரே கிடையாது. எழுதியது ரோமில் தங்கியிருக்கும் கடவுளின் சபை. 'நாங்கள்' என்றுதான் பேசுகிறது. அடுத்து அந்தியோக்கியாவின் இக்னேஷியஸ். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிங்கத்துக்கு இரையாகப் போகும் வழியில் சபைகளுக்குக் கடிதம் எழுதியவர். ஆசிய சபைகளுக்கு எழுதும்போதெல்லாம் 'ஆயருக்குக் கீழ்ப்படியுங்கள்' என்று சொல்லிச் சொல்லி மாய்கிறார். ரோமுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் அங்குள்ள ஆயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரோமிலேயே எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' சபையை நடத்தும் மூப்பர்களைப் பன்மையில்தான் குறிப்பிடுகிறது. அதில் கிளமெந்து என்றொருவர் வருகிறார். வெளியூர்ச் சபைகளுக்குக் கடிதம் அனுப்புவது அவர் பொறுப்பு. இன்றைய பாஷையில் சொன்னால் செயலாளர்.

அப்படியானால் பட்டியல் எப்போது வருகிறது? 180 வாக்கில், லியோனின் இரேனியுஸ் எழுதுகிறார். அவருக்கு அப்போது ஒரு நெருக்கடி. 'இயேசு எங்களுக்கு ரகசியமாகச் சொன்னது வேறு' என்று சொல்லும் ஞானவாதக் குழுக்கள் பெருகிவிட்டன. அவர்களுக்குப் பதிலாக, 'எங்களிடம் ரகசியம் ஒன்றுமில்லை, யாரிடமிருந்து யார் கற்றார் என்று வரிசையாகச் சொல்வோம்' என்று பன்னிரண்டு ரோமப் பெயர்களை அடுக்குகிறார். அந்தப் பட்டியலிலும் பேதுரு முதல் ஆயர் இல்லை. பேதுருவும் பவுலும் சேர்ந்து சபையை நிறுவினார்கள், லீனுவிடம் ஒப்படைத்தார்கள் என்கிறார். லீனுதான் முதல் பெயர்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் கிட் என்று ஒன்று இருக்கிறது. நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றைச் சேமிப்பது. அதில் ரீபேஸ் என்று ஒரு கட்டளை உண்டு. ஐந்து பேர் ஐந்து கிளைகளில் முட்டி மோதி, சண்டை போட்டு, பாதி வேலையைத் தூக்கியெறிந்து செய்த குளறுபடியையெல்லாம், ஆரம்பத்திலிருந்தே ஒரே நேர்க்கோட்டில் நடந்த மாதிரி திருப்பி எழுதிவிடலாம். பார்க்க அழகாக இருக்கும். பொய் என்றும் சொல்ல முடியாது, மாற்றங்கள் எல்லாம் உண்மையாக நடந்தவைதான். வரிசைதான் பின்னால் போட்டது. இரேனியுஸ் செய்தது ரீபேஸ். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் வாரம் இரண்டு தடவை செய்கிறேன். ஆனால் ரீபேஸ் செய்த வரலாற்றைக் காட்டி 'பாருங்கள், கிளையே இருந்ததில்லை' என்று ஒருவன் சொன்னால் அவனை வேலையில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

திருப்பி எழுதும் வேலை இரேனியுஸோடு நிற்கவும் இல்லை. 752இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பொறுப்பேற்கும் முன்பே இறந்துபோன ஸ்தேவான் என்பவரை வத்திக்கானின் பட்டியல் நெடுங்காலம் வைத்திருந்தது. 1961இல் எடுத்துவிட்டது. அறுபடாத சங்கிலியில் ஒரு கண்ணி, எங்கள் அப்பா பிறந்த பிறகு கழற்றப்பட்டிருக்கிறது.

*

இனி கான்ஸ்டன்டைன்காரருக்கு வருகிறேன். மதத்தைக் கேள்வி கேட்கிறேன் என்ற பெயரில் இன்னொரு ஃபார்வர்டை நம்புவது பகுத்தறிவு ஆகாது மச்சி.

325இல் நைசீயாவில் கூடியவர்கள் ஆரியுஸின் கொள்கையைப் பற்றியும் ஈஸ்டர் தேதியைப் பற்றியும் பேசினார்கள். போப் பதவி அங்கே உருவாக்கப்படவில்லை. ரோமின் ஆயர் சில்வெஸ்டர் அந்த மாநாட்டுக்குப் போகவே இல்லை, இரண்டு மூப்பர்களை அனுப்பிவைத்தார். ஆறாவது விதியில் ரோமின் பெயர் வருகிறது. எதற்கு? எகிப்திலும் லிபியாவிலும் அலெக்சாந்திரியாவின் ஆயருக்கு அதிகாரம் உண்டு, ரோமின் ஆயருக்கும் அப்படியொரு வழக்கம் இருக்கிறதல்லவா என்று, அலெக்சாந்திரியாவின் உரிமைக்கு உதாரணம் காட்ட.

ரோமின் உரிமைக்குரல் கான்ஸ்டன்டைனுக்கு நெடுங்காலம் முன்பே கேட்கத் தொடங்கிவிட்டது. 190களில் ஈஸ்டர் தேதித் தகராறில் ஆசிய சபைகளையே ஒதுக்கிவைக்கப் பார்த்தார் ரோமின் விக்டர். அவரைக் கண்டித்தவர்களில் பட்டியல் போட்ட அதே இரேனியுஸும் ஒருவர். 250களில் இன்னொரு தகராறு. பிரிந்துபோன குழுக்களிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் திரும்பி வந்தால் மறுபடி திருமுழுக்குக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம் என்றார் ரோமின் ஸ்தேவான். வேண்டும் என்றார் கார்த்தேஜின் சிப்ரியான். ஸ்தேவான் தான் பேதுருவின் வாரிசு என்பதைத் தூக்கிக் காட்டினார். சிப்ரியான் 256இல் 87 ஆயர்களைக் கூட்டி, நம்மில் எவரும் தன்னை ஆயர்களுக்கெல்லாம் ஆயராக்கிக் கொள்ளவில்லை என்று குத்திக்காட்டினார். சிப்ரியான் ஒன்றும் சபைக்கு வெளியே நின்ற கலகக்காரர் அல்லர். கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் வணங்கும் புனிதர். அந்தக் காலத்தில் 'பாப்பா' என்று அவரையும்தான் அழைத்தார்கள். அந்தப் பெயர் ரோமுக்கு மட்டுமே உரியது என்று ஏழாம் கிரகோரி அடித்துச் சொன்னது 1075இல்.

ஆகவே ஒரே நாளில் எந்த ராஜாவும் போப்பை உண்டாக்கவில்லை. ஒரே நாளில் எந்த அப்போஸ்தலரும் உண்டாக்கவில்லை. உங்கள் இருவருக்கும் வேண்டியது ஒரே பொருள்தான்: ஒரு முதல் நாள், ஒரு முதல் ஆள். ஒருவர் மாலை போடுவதற்கு, இன்னொருவர் செருப்பு வீசுவதற்கு.

உண்மையில் என்ன நடந்தது? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த ஆவணம் 251 வாக்கில் ரோமின் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய ஒரு கடிதம். ரோமின் சபைக்கு எத்தனை ஆட்கள் என்று கணக்குச் சொல்கிறார். 46 மூப்பர்கள், 7 தியாக்கோன்கள் என்று போய், சபை சோறு போடும் விதவைகளும் ஏழைகளும் 1,500க்கு மேல் என்று முடிக்கிறார். அதற்கும் எண்பது ஆண்டுகள் முன்பே கொரிந்தின் தியோனீசியுஸ், ரோமின் சபை வெளியூர்ச் சபைகளுக்கும் சுரங்கங்களில் வாடும் சகோதரர்களுக்கும் பணம் அனுப்புவதை நன்றியோடு எழுதியிருக்கிறார். ரோமின் மதிப்பு அங்கேதான் வேர் பிடித்தது. பேரரசின் தலைநகர், காசு இருந்தது, அந்தக் காசை ஊர் ஊராகக் கொடுத்தார்கள். கொடுத்தவன் சொல்லுக்கு மரியாதை வந்தது.

பிறகுதான் மரியாதை அதிகாரமாகத் திரிந்தது. 366இல் தமாசுஸ், உர்சீனுஸ் என்ற இருவர் அந்த நாற்காலிக்கு மோதினார்கள். ஒரே நாளில் ஒரு பேராலயத்திலிருந்து 137 பிணங்கள் எடுக்கப்பட்டன என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மர்செலினுஸ். பணக்காரச் சீமாட்டிகளின் காணிக்கை, தேர்ச் சவாரி, ராஜ விருந்து, இதெல்லாம் கிடைக்கிற பதவிக்கு அடித்துக்கொள்ளத்தானே செய்வார்கள் என்று அவர் கேலி பண்ணுகிறார். ஜெயித்தவர் தமாசுஸ். 380இல் தியோடோசியுஸ் பேரரசன், தமாசுஸும் அலெக்சாந்திரியாவின் பேதுருவும் கைக்கொள்ளும் விசுவாசத்தையே எல்லாரும் கைக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டான். 445இல் மூன்றாம் வாலன்டினியன் மேற்கில் ரோமின் ஆயர் சொல்லே சட்டம் என்றான்.

1,500 விதவைகளுக்குச் சோறு போட்ட காலத்தில் அந்தச் சபைக்குப் பேரரசனின் ஆணை தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

*

'நீ கிறிஸ்தவனே இல்லையே, உனக்கெதுக்கு இந்த வேலை?' என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். எனக்கு இந்த வேலையைக் கொடுத்தது கல்வராயன் மலை.

நான் பிறந்தது கள்ளக்குறிச்சி. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலைப்பாதை ஏறும். மேலே வெள்ளிமலை. சின்ன வயதில் அருவி பார்க்கப் போவோம். அந்த ஊர்களின் பழைய ஆவணங்களில் என்ன பெயர் தெரியுமா? சடைய கவுண்டன் ஜாகிர், குறும்ப கவுண்டன் ஜாகிர், ஆரிய கவுண்டன் ஜாகிர். நிலத்துக்கே ஜாகிர்தாரின் பெயர். உழுதவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. விஜயநகர ராயர் கொடுத்த உரிமை என்று ஒரு தொடக்கக் கதை அதற்கும் சொல்லப்படுவதுண்டு. நாட்டுக்கு 1947இல் விடுதலை. இந்த மலை ஜாகிர்தார்களிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976இல். இடையில் 29 வருஷம். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்றுக்கொள்ளும் காலம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, கல்வராயன் மலையில் ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டது. கீழே பிணம் விழுந்ததால் மேலே மலை இருப்பது தெரிந்தது.

என் அறைத்தோழன் எங்களைவிட ஒரு வயது மூத்தவன். பிளஸ் டூவில் நல்ல மார்க். சாதிச் சான்றிதழ் வந்து சேராததால் அந்த வருஷக் கவுன்சிலிங் போய்விட்டது. விடுதியில் ஒரு ராத்திரி கரண்ட் போனபோது சொன்னான். அலுவலகம் ஒன்றுக்குத் தாத்தாவோடு போயிருக்கிறான். 'நீங்க மலையாளிதான்னு என்ன ஆதாரம்?' என்று கேட்டிருக்கிறார் அங்கிருந்தவர். தாத்தா பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்து, காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்த கதையைத் தொடங்கியிருக்கிறார். ஒருவர் சேர்வராயனுக்கு, ஒருவர் பச்சைமலைக்கு, ஒருவர் கொல்லிமலைக்கு. கரியராமர் கூடவே வந்தது. அந்த அதிகாரி பாதியில் நிறுத்தினாராம்.

"பெரியவரே, கதையெல்லாம் வேணாம். பேப்பர் இருந்தா குடுங்க."

இவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாங்களும் சிரித்தோம். இப்போது நினைத்தால் கூசுகிறது.

காரணம் இதுதான். அந்தத் தாத்தாவின் கதைக்கும் ரோமின் கதைக்கும் அமைப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. தொலைவிலிருந்து ஒரு முன்னோர் வந்தார். இங்கே தங்கினார். அவர் வழியில் நாங்கள் இருக்கிறோம். இரண்டுமே நடந்தவற்றின் நினைவும் பின்னால் கோத்த வரிசையும் கலந்தவை. ஒன்றுக்கு உலகமே எழுந்து நிற்கிறது. இன்னொன்றிடம் பேப்பர் கேட்கிறார்கள்.

பேப்பர் என்றால் சும்மா இல்லை. மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் மாவட்டப் பெயர்களோடு: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோட்டின் பர்கூர் மலையில் அதே சனம், அதே பேச்சு, ஆனால் பட்டியலில் அந்த மாவட்டம் இல்லை. பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடிகள் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். பழங்குடிப் பட்டியலில் இல்லாத வனவாசிகளோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பர்கூர்க்காரர் இந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறார். ரோம் தன் முதல் 75 ஆண்டுகளுக்கு எந்த ஆயரைக் காட்டும்?

*

தொடக்கக் கதையை ஆயுதமாக்குவது ரோமின் தனிச்சொத்து என்றும் நினைக்க வேண்டாம். 1599 ஜூனில் கோவாவின் பேராயர் மெனசிஸ் உதயம்பேரூரில் மாநாடு கூட்டி, மலையாளக் கரையின் தோமா கிறிஸ்தவர்களை ரோமுக்குக் கீழே கொண்டுவந்தார். அவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தது: தோமாவின் வழி வேறு, பேதுருவின் வழி வேறு. அப்படிச் சொல்வதே தவறு என்று அந்த மாநாடு தீர்மானம் போட்டது. 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு சத்தியம் செய்து ஒரு பெருங்கூட்டம் அந்த நுகத்தடியை உதறியது. பேதுருவின் கதையை எதிர்க்க அவர்கள் கையில் எடுத்ததும் இன்னொரு முதல் ஆளின் கதையைத்தான். வலியவன் கையில் முதல் ஆள் சாட்டை, எளியவன் கையில் கேடயம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'எல்லாமே கட்டுக்கதைதான் பாஸ்' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகும் நம் தலைமுறையின் புத்திசாலித்தனத்தோடுதான் எனக்குப் பெரிய சண்டை. எல்லாமே கதைதான் என்று சொல்லிவிட்டால், கதைக்குப் பின்னால் படை வைத்திருக்கிறவனுக்கு நஷ்டமில்லை. கதை மட்டுமே வைத்திருக்கிறவனுக்கு எல்லாமே நஷ்டம்.

நம் மொழியும் இதில் கூட்டு. பேதுருவுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்று பெயர். பவுல், சின்னப்பர். காதில் விழுவது ஒரு ராயரும் ஒரு சின்னவரும். கலிலேயாவில் வலை வீசிய மீனவன் தமிழுக்கு வரும்போதே ராயர். அவருடைய வாரிசு பாப்பரசர். நாளிதழ்களுக்கோ இன்றுவரை போப் ஆண்டவர். 'திருத்தந்தை' என்ற சொல் வந்த பிறகும் ஆண்டவரை விட நமக்கு மனசில்லை. ஆண்டவர், ஆண்டை, ராயர். ஆளுகிறவனைச் சொல்ல நமக்கு எத்தனை வார்த்தை! ரோமின் சபையை முதலில் கூட்டிய கூடாரத் தொழிலாளியைச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

எனவே சங்கிலிக்காரருக்கு நான் சொல்வது இது. உங்கள் திருச்சபையைப் பற்றிப் பெருமைப்பட உங்களுக்குக் காரணம் உண்டு, ஆனால் நீங்கள் தவறான ஆவணத்தைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். 267 பெயர்களை மடித்து வைத்துவிட்டு, பெயரே இல்லாத அந்த 1,500 பேரின் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். நான் எழுந்து நிற்கிறேன். கான்ஸ்டன்டைன்காரரே, ஓர் அதிகாரம் பிந்தி வந்தது என்று நிரூபித்துவிட்டால் அது விழுந்துவிடாது. எல்லா அதிகாரமும் பிந்தி வந்ததுதான், உங்கள் சாதிச் சங்கத்தின் பெருமைமிகு சோழர் காலம் உட்பட. எப்போது தொடங்கியது என்று கேட்காதீர்கள். இன்று அது யாருக்குச் சோறு போடுகிறது, யாரிடம் பேப்பர் கேட்கிறது என்று கேளுங்கள்.

சென்ற மாதம் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். அவன் மகளுக்கு இன்னும் சான்றிதழ் வரவில்லை. அப்பனிடம் சான்றிதழ் இருக்கிறது, ஆனாலும் விசாரணை. தாத்தா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, அவர் சொன்ன கதையை நான் லேப்டாப்பில் தட்டச்சு செய்தேன். மூன்று சகோதரர்களில் தொடங்கி அவனுக்கு நினைவிருந்த பெயர்கள் வரை. ஒன்பது பெயர் வந்தது. நடுவில் பெரிய இடைவெளி.

"இந்த கேப்புல என்னடா போடறது?" என்றேன்.

"அப்படியே விடு மச்சி" என்றான். "அங்கயும் ஆளுங்க இருந்தாங்க. பேரு தெரியல, அவ்ளோதான்."

அப்படியே விட்டிருக்கிறேன்.